மெட்டை எழுதும் கை

(பல்லேகலவில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம்)



வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த ஓர் ஆசிரியையின் நினைவாக இந்தச் சொற்பொழிவு நடைபெறுகிறது. இசைக் கலைஞரைக் கொண்டாட நமக்குத் தெரியும். இசை ஆராய்ச்சியாளரையும் மதிக்கிறோம். இசை கற்பிப்பவரை மட்டும், மேடை கிடைக்காமல் வகுப்பறைக்கு வந்தவர் என்று நினைக்கும் வழக்கம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. அது பெரிய பிழை. மக்கள் பாடுகிற பாட்டை மெட்டோடு எழுதிக் காப்பாற்ற மிகவும் தகுதியானவர், நாள்தோறும் வாசித்தும் பாடியும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற இசை ஆசிரியர்தான் என்பது என் கருத்து. மலையகத் தமிழரின் பாட்டு அப்படிப்பட்ட ஆசிரியர்களுக்காக இன்னும் காத்துக்கிடக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். இன்று இதைத் தவிர வேறெதுவும் பேசப்போவதில்லை.

1

முதலில் ஒரு பியானோ ஆசிரியரைப் பற்றி. பேலா பார்டோக் 1881இல் பிறந்தவர். பிறந்த ஊர் அன்று ஹங்கேரியில் இருந்தது. இன்று ருமேனியாவில் இருக்கிறது. முதற்பாடம் சொல்லிக்கொடுத்த தாயும் பள்ளிக்கூட ஆசிரியைதான். புடாபெஸ்ட் இசைக் கல்லூரியில் அவருக்குப் பியானோ கற்பித்த இஷ்ட்வான் தொமான், புகழ்பெற்ற லிஸ்ட்டின் மாணவர். 1907இல் தொமான் விலகிய இடத்திலே பார்டோக் பியானோப் பேராசிரியராக அமர்ந்தார். 1934 வரை, 27 ஆண்டுகள், அதே வேலை. உலகம் அவரை இசையமைப்பாளர் என்று அறிகிறது. ஆனால் அவர் இசையமைக்கக் கற்பிக்க மறுத்தார். பியானோ மட்டுமே சொல்லிக்கொடுத்தார். மாணவர் பிழைவிட்டால் விளக்கிக்கொண்டிருக்க மாட்டாராம். சரியாக வரும்வரை தானே திரும்பத் திரும்ப வாசித்துக் காட்டுவாராம்.

அந்தப் பழக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இசைத்துணுக்கை விடாமல் திரும்பத் திரும்பக் கேட்பதும் வாசிப்பதும் அவருடைய தொழிலாகவே இருந்தன. பிற்காலத்தில் கிராமத்துப் பாட்டை எழுதியபோது கைகொடுத்ததும் இந்தப் பயிற்சிதான்.

1904 கோடையில், நாட்டுப்புறத்தில் ஒரு வீட்டில் தங்கிப் பயிற்சி செய்துகொண்டிருந்தார் அவர். அங்கே குழந்தை பார்க்க வந்திருந்த லிடி டோஷா என்ற இளம்பெண் பாடிய பாட்டு பக்கத்து அறையிலிருந்து காதில் விழுந்தது. கல்லூரியில் ‘ஹங்கேரிய இசை’ என்று அவர் படித்தவை எல்லாம் நகரத்து உணவகங்களில் ஜிப்ஸிக் குழுவினர் வாசித்தவை. இந்தப் பெண் பாடியது அந்த வகையில் எதிலும் அடங்கவில்லை. அவளைப் பாடச்சொல்லி எழுதிக்கொண்டார். அடுத்த ஆண்டு ஸோல்டான் கோடாய் என்ற நண்பர் கிடைத்தார். 1906இல் இருவரும் சேர்ந்து 20 ஹங்கேரிய நாட்டுப்பாடல்களைப் பியானோத் துணையோடு வெளியிட்டார்கள். கல்லூரி விடுமுறை வந்தால் போதும், போனோகிராபைத் தூக்கிக்கொண்டு பார்டோக் கிராமங்களுக்குப் புறப்பட்டுவிடுவார்.

2

அதே 1904இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ அச்சாகி வெளிவந்தது. முத்துசாமி தீட்சிதரின் கிருதிகளை, ஒவ்வொரு கமகத்துக்கும் தனிக்குறி இட்டு, ஸ்வரப்படுத்தித் தந்த பெருநூல் அது. அசைவு, வழுக்கல், உதறல் எல்லாவற்றையும் தாளில் காட்டமுடியும் என்று நிரூபித்தது. அந்த நூலை எழுதும்படி தீட்சிதரை விடாமல் தூண்டியவர் சென்னை அரசுச் செயலகத்தில் பணியாற்றிய அ. மு. சின்னசாமி முதலியார். மேலைநாட்டு ஸ்வரக் குறிமுறையில் தேர்ச்சி பெற்ற அவர், 1890களின் தொடக்கத்திலேயே கர்நாடகக் கிருதிகளை அந்த முறையில் எழுதி அச்சிடத் தொடங்கிவிட்டார். கைப்பொருளையும் கண்பார்வையையும் அந்த வேலைக்கே கொடுத்தவர் அவர். நம்முடைய இசைக் கல்லூரிகளில் அவர் படம் தொங்கவேண்டும். எங்கும் பார்த்த நினைவு எனக்கில்லை.

அடுத்த தலைமுறையில் பி. சாம்பமூர்த்தி வருகிறார். 1901இல் பிறந்தவர், சட்டம் படித்தவர், வயலினும் வாய்ப்பாட்டும் கற்றவர். 1931இல் ஜெர்மனியின் மியூனிக் நகருக்குப் போய் மேலை இசை இலக்கணம், வயலின், புல்லாங்குழல், ஒப்பீட்டு இசையியல் ஆகியவற்றைப் படித்தார். 1937இலிருந்து 1961 வரை சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறைத் தலைவர். இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியர்களில் அவருடைய ‘தென்னிந்திய இசை’ தொகுதிகளைப் புரட்டாமல் பரீட்சை எழுதியவர் யாரும் இருக்கமாட்டார்கள். ஆறு தொகுதிகள் அவை. இவற்றோடு இசை அகராதி, இசை கற்பிக்கும் முறை பற்றிய நூல், சென்னை அருங்காட்சியக இசைக்கருவிகளின் விவரப்பட்டியல், தியாகராஜரின் ‘நௌகா சரித்திரம்’, தஞ்சை ஷாஜி மன்னரின் ‘பல்லகி சேவா பிரபந்தம்’ ஆகியவற்றின் ஸ்வரப்பதிப்புகள். 1972இல் சென்னை சங்கீத வித்வத் சபை அவருக்குச் சங்கீத கலாநிதி பட்டம் கொடுத்தது. கச்சேரி மேடைக்காரர்களுக்கே பெரும்பாலும் போய்ச்சேரும் பட்டம் அது.

பார்டோக்கும் சாம்பமூர்த்தியும் சந்தித்ததாகத் தெரியவில்லை. ஆனால் இருவருடைய நாட்களும் ஒரே மாதிரிக் கழிந்தன. காலையில் வகுப்பு, மாலையில் பதிப்பு வேலை. இரண்டு வேலைகளுக்கும் ஒரே காது, ஒரே கை. ஷாஜியின் பிரபந்தத்தைப் பதிப்பிப்பவர் அதைப் பாடிப் பார்க்கத் தெரிந்தவராக இருந்ததால்தான் அது ஏட்டிலிருந்து மேடைக்கு வந்தது. நம்மிடம் இந்த மரபு புதிதல்ல. 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் ஆபிரகாம் பண்டிதர் தம் சுருதிக் கணக்கை முன்வைத்தபோது, அவருடைய புதல்வியர் வீணையில் வாசித்து நிறுவினார்கள். நம் விபுலாநந்த அடிகளின் ‘யாழ் நூல்’ 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியபோது, அவர் கணக்கிட்டபடி செய்த யாழ்களை மேடையில் மீட்டிக் காட்டினார்கள். எழுதியது சரிதானா என்று விரலால் சோதித்துப் பார்க்கும் ஒழுக்கம் இது.

ஆக, நம்மிடம் கருவி இருந்தது. கமகத்தை எழுதும் குறிகள் இருந்தன. கற்றுத் தேர்ந்த ஆசிரியர்கள் இருந்தார்கள். ஆனால் இந்தப் பயிற்சி பெற்ற காது பெரும்பாலும் கிருதிகளின் பக்கமே திரும்பியிருந்தது. தாலாட்டின் பக்கம், ஒப்பாரியின் பக்கம், தப்புப் பறையின் பக்கம் அது திரும்பியது மிகக் குறைவு. புடாபெஸ்ட் ஆசிரியரிடம் நாம் கற்கவேண்டியது இங்கேதான் இருக்கிறது.

3

அவர் எப்படி வேலை செய்தார் என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்.

போனோகிராபின் மெழுகு உருளையில் சில நிமிடப் பாட்டுத்தான் அடங்கும். திரும்பத் திரும்பப் போட்டால் ஊசி உரசி மெழுகு தேய்ந்துபோகும். ஆகவே பாடும் இடத்திலேயே காதால் கேட்டு ஒரு முதற்படி எழுதிக்கொள்வார். பாடியவரின் பெயர், வயது, ஊர், நாள் ஆகியவற்றையும் குறித்துக்கொள்வார். வீட்டுக்கு வந்து உருளையை மெதுவாக ஓடவிட்டு, முதற்படியில் தவறவிட்ட சிறு அசைவுகளைச் சேர்ப்பார். வருடங்கள் கழித்துத் தாம் எழுதியதையே மறுபடி கேட்டுத் திருத்துவார். ஒரே பாட்டின் இரண்டாம் அடி முதலடியிலிருந்து எங்கே மாறுகிறது என்பதையும் விடமாட்டார். பாடியவர் மறந்துபோய் மாற்றிவிட்டார் என்று சமாதானம் சொல்லி ஒதுக்குவதில்லை. மாறும் விதமே அந்தப் பாட்டின் இலக்கணம் என்று எடுத்துக்கொண்டார்.

பியானோவில் ஒரு ஸ்தாயிக்கு 12 கட்டைகள். அவற்றுக்கு நடுவே எதுவும் கிடையாது. கிராமத்துப் பாட்டியோ அந்த நடுவிடங்களில்தான் பாடுகிறாள். பார்டோக் என்ன செய்தார்? அருகிலுள்ள ஸ்வரத்தை எழுதி, அதன் தலையில் ஓர் அம்புக்குறி இட்டார். சற்றே கூடினால் மேல்நோக்கி, சற்றே குறைந்தால் கீழ்நோக்கி. தம் கருவி எங்கே முடிகிறது என்பதைத் துல்லியமாக அறிந்திருந்தவர் என்பதால்தான், பாட்டு அதைத் தாண்டும் இடத்தையும் அவரால் பிடிக்க முடிந்தது என்று நினைக்கிறேன். ஹார்மோனியத்தோடு வளர்ந்த நம் ஆசிரியர்களுக்கும் அதே வாய்ப்பு உண்டு.

பாட்டுகளை அவர் வகைப்படுத்திய முறையிலும் நமக்குப் பாடம் இருக்கிறது. பேச்சின் போக்கில் நீண்டும் குறுகியும் போகும் பாட்டுகள் ஒரு பக்கம். உடலசைவோடு கூடிய, கணக்கான அடியுள்ள பாட்டுகள் மறுபக்கம். பிறகு எல்லா மெட்டுகளையும் ஒரே ஸ்வரத்தில் முடியும்படி மாற்றி எழுதி, ஒவ்வொரு அடியும் எந்த ஸ்வரத்தில் வந்து நிற்கிறது, எத்தனை அசை கொண்டது என்று பார்த்து வரிசைப்படுத்தினார். 1924இல் வெளிவந்த அவருடைய ஹங்கேரிய நாட்டுப்பாடல் நூல் இந்த உழைப்பின் பயன். ருமேனியப் பாட்டுகளில் மட்டும் 3,000க்கும் மேற்பட்ட மெட்டுகளை எழுதினார். 1913இல் அல்ஜீரியாவின் பிஸ்க்ராவுக்கும் 1936இல் துருக்கிக்கும் போய்ப் பதிவுசெய்தார்.

சேர்த்ததைப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. ஹங்கேரிய, ஸ்லோவாக்கிய மெட்டுகளை எடுத்து, பியானோ பழகத் தொடங்கும் பிள்ளைகளுக்காக எளிய பாடங்களாக எழுதினார். பின்னர் 153 சிறு பாடங்கள் கொண்ட ‘மிக்ரோகாஸ்மாஸ்’ வந்தது. தம் மகன் பீட்டருக்குக் கற்பித்ததும் அதன் பகுதிகளைக் கொண்டுதான். பாட்டி பாடியது பேத்தியின் முதற்பாடமாயிற்று. ஆராய்ச்சியாளர் ஒருவரே ஆசிரியராகவும் இருந்ததால் இது நடந்தது.

4

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

கண்டி மலைகளில் 1820களில் கோப்பி வந்தது. அதன் பின்னால் தென்னிந்தியக் கூலித் தொழிலாளர் வந்தார்கள். மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் இறந்தவர்களுக்குக் கணக்கில்லை. 1867இல் தெல்தோட்டைப் பக்கத்து லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். இந்த இரண்டு நூற்றாண்டு வரலாற்றை அந்த மக்கள் தாங்களே சொன்ன சாட்சி, அவர்களுடைய பாட்டுத்தான். கடிதம் எழுதும் வசதி அவர்களுக்கு இருக்கவில்லை. துரைமாரின் பதிவேடுகளில் அவர்கள் வெறும் எண்கள்.

அந்தப் பாட்டுகளைத் தேடிச் சேர்த்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். முதலில் நினைக்கவேண்டியவர் சி. வி. வேலுப்பிள்ளை. கவிஞர், தொழிற்சங்கவாதி, 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானவர். அவருடைய ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ இல்லாவிட்டால் எத்தனையோ பாட்டு இன்று யாருக்கும் தெரியாது. அவருக்குப் பின்னும் பலர் தொகுத்திருக்கிறார்கள். ஆனால் இந்தத் தொகுப்புகளில் எதைத் திறந்தாலும் வரிகள் இருக்கின்றன, மெட்டு இல்லை. தொகுத்தவர்களைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. அவர்கள் கவிஞர்கள், ஆசிரியர்கள், சங்கத்துக்காரர்கள். கேட்டதை ஸ்வரப்படுத்த வேண்டியவர்கள் இசை கற்ற நாம். நம் வேலை செய்யப்படாமல் கிடக்கிறது.

மெட்டு இல்லாமல் என்ன போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்றைச் சொல்கிறேன். ஹந்தானைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வயதான தாய் ஒருவர் பாடிய ஒப்பாரியை எழுத உட்கார்ந்தேன். பஞ்சமத்தில் உயர்ந்து நின்று தொடங்குகிறார். மத்தியமத்தைத் தொட்டும் தொடாமலும் காந்தாரத்துக்கு வந்து, அங்கே மூச்சு முடியும்வரை நிற்கிறார். பிறகு விசும்பலோடு ஷட்ஜத்துக்கு ஒரே சரிவு. அவ்வளவுதான் மெட்டு, நான்கைந்து ஸ்வரம். அந்தக் காந்தாரம் சாதாரணமும் அல்ல, அந்தரமும் அல்ல, இரண்டுக்கும் நடுவில். தொடக்கத்தில் அது தாழ்ந்திருந்தது; இறந்தவரின் பெயர் வந்த அடியில் சற்று ஏறியது. மூன்று முறை பாடினார், மூன்று முறையும் அந்த இடத்தில் ஏறியது. வரியை மட்டும் எழுதினால் ‘என் ராசா போய்விட்டான்’ என்ற பொருள் கிடைக்கும். துக்கம் எந்தச் சொல்லில் கனத்தது என்பது அந்தக் காந்தாரத்தில்தான் இருக்கிறது.

இதே பாட்டை ஒரு பாடசாலை மேடையில் கேட்டிருக்கிறேன். முகாரியில் திருத்தி, ஆதி தாளத்துக்குள் மடக்கி, கீபோர்ட் துணையோடு பாடினார்கள். பிள்ளைகள் அருமையாகப் பாடினார்கள். ஆனால் காந்தாரம் ஹார்மோனியக் கட்டைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. நின்று நின்று போகும் பாட்டு நேராக ஓடத் தொடங்கிவிட்டது. ஒப்பாரிக்கும் தாலாட்டுக்கும் தாளம் தெரியாதென்று எண்ணி நாம் தாளம் கொடுக்கிறோம். அவை பேச்சின் போக்கில் நடப்பவை. தாளம் வேண்டிய இடத்தில் அந்த மக்களுக்கு எவ்வளவு தாளம் தெரியும் என்பதைக் கும்மியிலும், காமன் கூத்தில் தப்பு அடிக்கிறவரின் கைகளிலும் பார்க்கலாம்.

தப்பைப் பற்றி ஒரு வார்த்தை. விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு ஆள் கூட்டவும் அது ஒலித்தது; சாவுக்கும் ஒலித்தது; திருவிழாவுக்கும் ஒலித்தது. ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. லயன் வீட்டில் படுத்திருப்பவர் கேட்டவுடனே என்ன சேதி என்று அறிந்துகொள்வார். ஒரு கையில் தடித்த குச்சி, மறுகையில் மெல்லிய குச்சி; தோலை நெருப்பில் காட்டிச் சுருதி ஏற்றுவார்கள். அந்த அடிகளைச் சொற்கட்டாக எழுதிப் பாடப்புத்தகத்தில் சேர்ப்பதற்கு மிருதங்கம் கற்ற ஓர் ஆசிரியருக்கு அதிக நாள் தேவைப்படாது. அடிக்கிறவர்களின் சாதியைப் பார்த்து நாம் அந்தக் கருவியைச் சங்கீத அறைக்கு வெளியே நிறுத்தினோம். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

மெட்டு எழுதப்பட்டால் புதிய வரலாறும் திறக்கும். கங்காணிமார் தங்கள் தங்கள் ஊரிலிருந்தே ஆட்களைத் திரட்டினார்கள். திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் என்று ஒவ்வொரு சீமையின் பாட்டும் இங்கே வந்தது. அந்தச் சீமைகளில் இன்று பாடப்படும் தாலாட்டுகளோடு இங்குள்ளவற்றை அடியடியாக ஒப்பிட்டால், எது வந்தபடியே இருக்கிறது, எது இந்த மலையில் மாறியது என்று தெரியவரும். வரிகளில் ‘துரை’, ‘கோப்பி’ என்று புதுச் சொற்கள் நுழைந்துவிட்டன. மெட்டு அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. பார்டோக் செய்த ஒப்பீடு இந்த வகையினதே.

5

கண்டியில் நின்று இதைப் பேசும்போது அயலவரான சிங்களவரை விட்டுவிட்டுப் பேசமுடியாது. அயலவரான ருமேனியரின் பாட்டுகளை இவ்வளவு அன்போடு சேர்த்ததற்காக 1920இல் பார்டோக்கை அவருடைய நாட்டார் சிலரே பத்திரிகைகளில் தேசத்துரோகி போலச் சித்தரித்தார்கள். அவர் சேர்ப்பதை நிறுத்தவில்லை. 1942இல், ஐரோப்பா இனத்தூய்மையின் பெயரால் எரிந்துகொண்டிருந்தபோது, அயல்மக்களின் பாட்டுகள் கலப்பதால்தான் நாட்டார் இசை வளம் பெறுகிறது என்று கட்டுரை எழுதினார். அப்போது அவர் நியூயோர்க்கில், நாடுவிட்டுப் போன முதியவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செர்பிய, குரோஷியப் பெண்களின் பாட்டுப் பதிவுகளைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். 1945 செப்டெம்பரில் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். அந்தப் பாட்டுகளின் நூல் 1951இல்தான் வெளிவந்தது.

1739 முதல் 1815 வரை தென்னிந்திய நாயக்க மன்னர் ஆண்ட நகரம் இது. கண்டிய நடனத்தின் 18 வன்னப் பாட்டுகள் இன்றும் பாடப்படுகின்றன. அந்த மெட்டுகளை நம் ஆசிரியர்கள் எழுதிப் பார்த்ததுண்டா? நம் காமன் கூத்துப் பாட்டைச் சிங்கள இசை ஆசிரியர்கள் எழுதிப் பார்த்ததுண்டா? லண்டனில் மேலை இசை பயின்று திரும்பிய தேவார் சூரியசேன, சிங்களக் கிராமப் பாட்டுகளைத் தேடிப் பாடினார். மலைக்கு அந்தப்புறம், பேராதனையில், 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ என்று மட்டக்களப்புக் கூத்தை மேடைக்குக் கொண்டுவந்தார். கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரை அழைத்து மாணவர்களுக்குப் பழக்கினார். அவர் தமிழ்ப் பேராசிரியர். ஆனாலும் ஆட்டத்தையும் பாட்டையும் விட்டுவிட்டுப் பிரதியை மட்டும் அச்சிட்டுத் திருப்திப்படவில்லை. மட்டக்களப்புக்குக் கிடைத்த அந்தக் கவனம், பல்கலைக்கழகத்தின் வாசலிலேயே இருக்கும் தோட்டங்களுக்கும் கிடைத்திருக்கவேண்டும்.

6

ஆசிரியர்களே, உங்களிடம் கேட்கும் உதவி சிறியது. போனோகிராப் தேவையில்லை, எல்லோர் கையிலும் தொலைபேசி இருக்கிறது. பதிவுகள் பெருகிவிட்டன, எழுதுவோர்தான் இல்லை. சங்கீதம் கற்பிக்கும் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு மூன்று பாட்டு எழுதுங்கள். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கும் இதைச் செயற்றிட்டமாகக் கொடுங்கள். பாடியவரின் சம்மதத்தோடு பெயர், வயது, தோட்டம், டிவிஷன், முன்னோர் வந்த ஊர், யாரிடம் கேட்டுப் படித்தார் என்பவற்றைக் குறியுங்கள். சுருதியை மாற்றாதீர்கள். இரண்டாம் அடி மாறினால் அதையும் எழுதுங்கள். ஸ்வரம் நடுவில் நின்றால் அம்புக்குறி இடுங்கள். ராகப் பெயர் கொடுக்க அவசரப்படவேண்டாம். தாளம் இல்லையென்றால் இல்லையென்றே எழுதுங்கள்.

எழுதியதைப் பாடியவரிடமே கொண்டுபோய், உங்கள் தாளைப் பார்த்து அவர் முன்னால் பாடிக்காட்டுங்கள். ‘அப்படி இல்ல புள்ள’ என்று அவர் சொல்லும் இடத்தில் திருத்துங்கள். அதன் பிறகு படியெடுத்து, ஒன்றைப் பாடசாலை நூலகத்திலும் ஒன்றைப் பேராதனை நூலகத்திலும் ஒன்றைப் பாடியவர் வீட்டிலும் வையுங்கள்.

சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் மாயாமாளவகௌளையில் இருக்கட்டும். அவற்றை விடச்சொல்லும் அதிகாரம் எனக்கில்லை, விருப்பமும் இல்லை. கீதத்துக்கு முன்னால் ஒரு தாலாட்டும் இரண்டு கும்மியும் அந்த முதலாண்டுக் கொப்பியில் ஏறவேண்டும். இந்த அறக்கட்டளையினர் மாணவர் கொப்பிகளிலிருந்து நூறு மெட்டுகள் சேர்ந்ததும் அச்சிட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வகுப்பறையில் பாடி எழுதும் வேலையை அடுத்த தவணையிலேயே தொடங்கலாம்.